லேப்டாப்புக்கு டிஸ்க் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 2012-ல் வாங்கிய லேப்டாப். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. இப்போது கிடைக்கும் எஸ்எஸ்டி அதற்குப் பொருந்துமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பெரும்பாலும் பொருந்தும் ஐயா. எஸ்எஸ்டி என்பது சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அந்தக் காலத்து லேப்டாப்பில் அநேகமாக 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான் இருக்கும். சாட்டா என்பது டிஸ்க்கை லேப்டாப்போடு இணைக்கும் முறை. அதே அளவில் சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். பழையது 9.5 மி.மீ. தடிமனாக இருந்து புதியது 7 மி.மீ. என்றால் கொஞ்சம் ஆடும். மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் சரியாகிவிடும். பழைய டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தையும் அதன் நான்கு திருகுகளையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். புதியதை அதில்தான் மாட்ட வேண்டும், தனியாகத் தேடினால் எளிதில் கிடைக்காது.

கேள்வி: ஆஃபரில் என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கினேன். லேப்டாப்பில் சரியாக உட்காருகிறது, திருகும் பொருந்துகிறது. ஆனால் பயாஸில் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருளில்) காட்டவே இல்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். (கோவை)

லேப்டாப் மாடல் எண்ணைப் பார்க்காமல் ஆஃபரை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் வாங்கிய சிறு பலகை போன்ற டிஸ்க்கின் பெயர் எம்.2; அது வடிவம்தான். அதே வடிவத்தில் சாட்டாவும் வருகிறது, அதைவிட வேகமான இணைப்பு முறையான என்விஎம்இயும் வருகிறது. உங்கள் ஸ்லாட் சாட்டாவுக்கு மட்டுமானதாக இருக்கலாம். பழையதைக் கழற்றி அதன் லேபிளைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகாது. நீளமும் அதிலேயே தெரியும்: 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். டிஸ்க்கில் பழுது இல்லாதபோது கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. என்விஎம்இக்கான யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி, வெளி டிஸ்க்காகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எம்1 மேக்புக் ஏரில் எஸ்எஸ்டியைப் பெரிதாக்கலாமா? (மாணவி, திருச்சி)

முடியாது. போர்டிலேயே சாலிடர் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: 1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றா?

இல்லை. கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

கேள்வி: புதியது என்று சொல்லி விற்ற ஹார்ட் டிஸ்க்கை மகன் சோதித்தபோது, 14,000 மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. கேட்டால், "சாஃப்ட்வேர் தப்பாகக் காட்டும்" என்கிறார்கள். பில் தரவில்லை. (தையல் கடை நடத்துபவர், மதுரை)

அம்மா, உங்கள் மகன் செய்தது சரி. 14,000 மணி என்றால் இரவு பகலாக ஓடினாலும் ஒன்றரை வருடத்துக்கு மேல். எங்கோ உழைத்து ஓய்ந்த டிஸ்க்கைத் துடைத்து, கவரில் போட்டு உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இது எனக்கும் நடந்தது. நான் வாங்கிய டிஸ்க் சீல் செய்த கவரில் பளபளவென்று இருந்தது. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால் வாரண்டி முடிந்துவிட்டது என்று வந்தது. அன்றிலிருந்து இந்த வியாபாரத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. பழையதைப் பழையது என்று சொல்லி விற்கட்டும், வேண்டியவர் வாங்கிக்கொள்வார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை வாங்கிக்கொண்டு பொய் சொல்வது அநியாயம். ஓடிய மணிக்கணக்கையே பூஜ்யமாக்கிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் அதை மட்டும் நம்பாமல், இணைப்பு முனையின் தங்க நிறப் பட்டைகளில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழைய பொருளைப் புதியது என்று விற்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கடை எந்த ஊரில் இருந்தாலும் மதுரையிலேயே கொடுக்கலாம். பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும் அந்த 14,000 காட்டிய திரையின் படத்தையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: பில் போட்டால் 18% கூடும் என்கிறார் கடைக்காரர். (சேலம்)

பில் போட்டே வாங்குங்கள், சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எம்ஆர்பியில் வரி அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தராதீர்கள்.

கேள்வி: டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது. குழந்தையின் படங்கள் எல்லாம் அதில்தான். புதியது எது வாங்கலாம்? (ஓசூர்)

புதியது இருக்கட்டும். உடனே அணையுங்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே தகடு கீறப்படலாம். டேட்டா மீட்பு மட்டுமே செய்பவர்களிடம் கொண்டு போங்கள். "ஃபார்மேட் பண்ணித் தருகிறேன்" என்பவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.