முதல் ஆய்வு நிதி: இளம் மருத்துவ ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எம்.டி. முடித்து அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இதுவரை பேராசிரியரின் ஆய்வுகளில்தான் வேலை பார்த்தேன். என் பெயரில் நிதி கேட்க எங்கே தொடங்குவது?
– பொது மருத்துவத் துறை வாசகர், மதுரை

பதில்: வார்டு வேலையும் வகுப்பும் விடாமல் தொடர்பவருக்கு முதல் வாசல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் சிறு மானியம்தான். அதன் உச்சவரம்பு 2 கோடி ரூபாய். அந்த எண்ணைப் பார்த்ததும் திட்டத்தையும் அந்த அளவுக்கு ஊதிவிடுகிறார்கள் பலர். வேண்டாம். ஒரே ஒரு கேள்வி, அதற்கு வேண்டிய பணம், அவ்வளவுதான் கேளுங்கள். தனியாக ஒரு ஆய்வைக்கூட முடித்திராதவர் பெரிய தொகை கேட்டால், இவரால் இதை முடிக்க முடியுமா என்ற சந்தேகம்தான் மதிப்பீட்டாளருக்கு முதலில் வரும்.

அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தந்த மத்திய அரசின் பழைய செர்ப் அமைப்பு இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் சேர்ந்துவிட்டது. அங்கே இளம் ஆய்வாளர்களுக்கான பிரதம மந்திரி மானியம் 3 ஆண்டுகளுக்கு 60 லட்சம் வரை தருகிறது. நிறுவனத்துக்கான மேல்செலவுத் தொகை தனி. வயது, பணியில் சேர்ந்த காலம் எல்லாம் பார்ப்பார்கள் என்பதால் அந்த வருட அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். உயிர்மருத்துவ ஆய்வாளர்களுக்கு நிதி தரும், 2008 முதல் இயங்கும் இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப் வேறு வகை. அங்கே திட்டத்தோடு ஆளையும் எடைபோடுவார்கள், உங்கள் நேரத்தில் பெரும்பகுதி ஆய்வுக்கென்று ஒதுங்க வேண்டும். டீனிடம் அந்த விடுவிப்பை எழுத்தில் வாங்க முடியாதென்றால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தனியார் கல்லூரியில் இருப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, கல்லூரிக்கு மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையான டி.எஸ்.ஐ.ஆரின் அங்கீகாரம் இருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்பதுதான். அது இல்லாமல் விண்ணப்பம் தொடக்கச் சல்லடையிலேயே நின்றுவிடும்.

கேள்வி: சர்க்கரை நோயாளிகளிடம் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் ஒரு புரதத்தை எலைசா என்னும் ஆய்வகப் பரிசோதனை முறையில் அளந்து, எத்தனை சதவீதம் பேருக்குக் கூடியிருக்கிறது என்று பார்க்கத் திட்டம். 274 பேர், 2 ஆண்டு. 96 குழி கிட் மூன்று போட்டிருக்கிறேன். துறைத் தலைவர் பட்ஜெட் தப்பு என்கிறார். எங்கே தப்பு?
– உயிர்வேதியியல் துறை வாசகி, தஞ்சாவூர்

பதில்: 274 என்ற எண் சரி. 20 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று வைத்து, 5 சதவீதப் புள்ளி துல்லியத்தில், 95 சதவீத நம்பிக்கையில் கணக்கிட்டிருக்கிறீர்கள்: 1.96-இன் வர்க்கம் × 0.2 × 0.8, அதை 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 246. பத்து சதவீதம் பேர் விடுபடுவார்கள் என்றால் 246-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், 274 வருகிறது. பலர் 246-இல் பத்து சதவீதத்தைக் கூட்டி 271 என்று எழுதுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அந்த 20 சதவீதத்தை எந்த ஆய்விலிருந்து எடுத்தீர்கள், அது யாரிடம் செய்த ஆய்வு என்று ஒரு வரி சேருங்கள். மதிப்பீட்டாளர் முதலில் கை வைக்கும் இடம் அது.

தப்பு கிட்டில் இருக்கிறது. 96 குழி என்றால் 96 நோயாளி என்று எண்ணியிருக்கிறீர்கள். ஒரு கிட்டுக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு ஏழு, புரதமே இல்லாத பிளாங்க் ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டு குழி என 16 போகும். பரிசோதனை சரியாக ஓடியதா என்று பார்க்கும் கண்ட்ரோல் இரண்டு, அதுவும் இரட்டையாக, இன்னும் 4. மிச்சம் 76 குழி. நோயாளி மாதிரியையும் இரட்டையாகத்தான் போட வேண்டும், ஆக ஒரு தட்டுக்கு 38 பேர். 274-க்கு 8 தட்டு. எட்டாவதில் 8 பேர்தான் வருவார்கள். மீதி 30 இடத்தை, இரண்டு குழிக்கும் மதிப்பு ஒத்துப்போகாத மாதிரிகளைத் திரும்பப் போட வைத்துக்கொள்ளுங்கள். டெக்னீஷியன் கை பழக இன்னொரு தட்டு. மொத்தம் 9 கிட். மூன்று கிட்டோடு தொடங்கியிருந்தால் 114 பேரோடு பணம் தீர்ந்திருக்கும்.

ஒன்பதையும் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், வாங்குங்கள். லாட் மாறினால் அளவும் கொஞ்சம் நகரும். பிறகு அது நோயின் வித்தியாசமா, கிட்டின் வித்தியாசமா என்று பிரிக்க வழியிருக்காது. கிட் நெடுநாள் தாங்காது என்பதால் தொடக்கத்திலேயே வாங்கி அடுக்காமல், மாதிரிகளை மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் சேர்த்து, கடைசியில் ஒரே மூச்சில் ஓட்டுங்கள். ஒவ்வொருவர் மாதிரியையும் மூன்று குப்பியாகப் பிரித்து வையுங்கள். உறைந்ததை உருக்கித் திரும்ப உறைய வைத்தால் பல புரதங்கள் சிதையும். 274 × 3 = 822 குப்பி; 81 குப்பி கொள்ளும் பெட்டி 11 வேண்டும். இதெல்லாம் பட்ஜெட்டில் வர வேண்டும், ஜி.எஸ்.டி.யும் சரக்குக் கட்டணமும் சேர்த்து. மைனஸ் 80 ஃப்ரீசரைச் சிறு மானியத்தில் வாங்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. வேறொரு துறையில் இருந்தால், 11 பெட்டிக்கு இடம் தருவதாகவும் ஜெனரேட்டர் இணைப்பு இருப்பதாகவும் அவர்களிடம் கடிதம் வாங்கி இணையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 274 பேர் எத்தனை வாரத்தில் சேர்வார்கள்? ஓ.பி. ரெஜிஸ்டரைப் புரட்டி, உங்கள் நிபந்தனைக்குள் வருபவர்களை நான்கு வாரத்துக்கு எண்ணிப் பாருங்கள். வாரம் 8 பேர் என்று வைப்போம். சம்மதிக்காதவர்கள், நீங்கள் வகுப்பிலோ தேர்வுப் பணியிலோ இருந்ததால் தவறியவர்கள் போகப் பாதிதான் கிடைப்பார்கள். வாரம் 4 என்றால் 69 வாரம். திட்டப் பணியாளரை எடுப்பதிலும் கொள்முதலிலும் முதல் நான்கு மாதமும், பரிசோதனையிலும் கணக்கீட்டிலும் கடைசி நான்கு மாதமும் போனால் 24 மாதத்தில் மிஞ்சுவது 16 மாதம், அதாவது அதே 69 வாரம். தீபாவளி, பொங்கல், மழைக்காலக் காய்ச்சல் கூட்டம் எதற்கும் இடமில்லை. மூன்று ஆண்டு கேளுங்கள், அல்லது பக்கத்துக் கல்லூரி ஒன்றை இரண்டாவது மையமாகச் சேருங்கள். சேர்த்தால் அங்கேயும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: நிதி உறுதியான பிறகு, மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்தால் போதுமா?
– அறுவை சிகிச்சைத் துறை வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் ஒரு சிகிச்சையைக் கொடுத்து விளைவு பார்ப்பதாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு வரும் பதிவை அவர்கள் ஏற்பதில்லை. நிதிக்குக் காத்திருக்கும்போது ‘பைலட்’ என்று பத்துப் பேரைச் சேர்த்துவிட்டு, பிறகு அவர்களை முக்கிய ஆய்வில் கலந்துவிட நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவுக்கு எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் கடிதம் வேண்டும். விண்ணப்பத்திலும் கடிதத்திலும் தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: முதல் தவணை டிசம்பரில்தான் வந்தது. மார்ச்சுக்குள் பாதிகூடச் செலவாகவில்லை. இரண்டாம் தவணை வருமா?
– வாசகர், சேலம்

பதில்: பயனீட்டுச் சான்று, அதாவது யூ.சி., ஒழுங்காகப் போனால் வரும். மத்திய அரசின் பொது நிதி விதிகளான ஜி.எஃப்.ஆரின் 12-ஏ படிவம், தணிக்கையான செலவு அறிக்கை, செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்கும் கடிதம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மார்ச் 31 கணக்கை ஏப்ரலிலேயே அக்கவுண்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். ஜூலை வரை இழுத்தால் தவணையும் அதற்குப் பின்னால்தான் வரும், நடுவில் உங்கள் திட்டப் பணியாளர் சம்பளமில்லாமல் விலகிவிடுவார். பயிற்சி பெற்ற அவர் போனால் ஆய்வே மாதக்கணக்கில் நின்றுவிடும்.

சான்று திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: அனுமதி ஆணை தேதிக்கு முந்தைய பில், கெமிக்கல் என்ற செலவுத் தலைப்பில் இருந்த பணத்தில் லேப்டாப் வாங்கியது, வங்கி தந்த வட்டியைக் காட்டாமல் விட்டது. வட்டி உங்களுடையது அல்ல, அரசுக்குத் திருப்ப வேண்டும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற வேண்டுமென்றால் செலவழிக்கும் முன் எழுதிக் கேளுங்கள். கொள்முதலில், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் பொருள் இல்லையென்றால், இல்லை என்ற அறிக்கையை அங்கேயே எடுத்து ஃபைலில் வையுங்கள்.

கேள்வி: என் பழைய வழிகாட்டியை இணை ஆய்வாளராகப் போட்டால் விண்ணப்பத்துக்கு வலுவா? இரண்டு வருடத்தில் எனக்கு இடமாற்றம் வந்தால் என்ன ஆகும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அவர் பெயர் வலுதான், ஆனால் அதே காரணத்தால் மதிப்பீட்டாளர் ‘இது யாருடைய ஆய்வு?’ என்றும் கேட்பார். ஆகவே அவரை ஆலோசகராக வைத்து, அவர் செய்வது இன்னது என்று எல்லை கட்டி எழுதுங்கள். உதாரணமாக, மருத்துவப் படங்களை இரண்டாவது ஆளாகப் படித்துச் சொல்வது. அவருடைய ஆய்வு எங்கே நிற்கிறது, உங்கள் கேள்வி எங்கே பிரிகிறது என்று இரண்டு வாக்கியம் போதும். கட்டுரையில் இதழோடு தொடர்பில் இருந்து பொறுப்பேற்கும் தொடர்பு ஆசிரியர் யார் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே அவரிடம் மரியாதையாகப் பேசி முடித்துவிடுங்கள். “சார், இதில் நானே தொடர்பு ஆசிரியராக இருக்கலாமா?” என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. எழுதி முடித்த பிறகு கேட்டால்தான் சங்கடம்.

இடமாற்றம் அரசுப் பணியில் வராமல் இருக்காது. நிதி வருவது கல்லூரிக்கு, உங்களுக்கு அல்ல. எனவே இணை ஆய்வாளராக அதே வளாகத்தில் நீண்ட நாள் இருக்கக்கூடிய ஒருவரை முதலிலேயே சேருங்கள். நோயாளிகள் பழைய கல்லூரியில் இருந்தால் முதன்மைப் பொறுப்பை அவருக்கு மாற்றி நீங்கள் இணையாகத் தொடர்வது எளிது. ஆய்வு முழுக்கப் பரிசோதனைக் கூடத்தில்தான் என்றால் திட்டத்தையே உங்களோடு எடுத்துப்போகலாம். அதற்கு இரண்டு டீன்களின் தடையின்மைச் சான்று, புதிய இடத்து எத்திக்ஸ் ஒப்புதல், நிதி நிறுவனத்தின் எழுத்து அனுமதி மூன்றும் வேண்டும். இடமாற்ற ஆணை கையில் வந்த வாரமே எழுதிவிடுங்கள். நீங்கள் விடுவிக்கப்பட்டுப் போன பிறகு பழைய கல்லூரியில் உங்கள் ஃபைலை எடுத்துப் பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம்.