மொராக்கோவின் ராஸ் எல் ஹானூத் மசாலாவை வீட்டிலேயே அரைக்க முடியுமா? பொருட்கள் இங்கே கிடைக்குமா, இல்லை கரம் மசாலாவையே போட்டுவிடலாமா?

அரைக்கலாம். பொருட்களும் கிடைக்கும், ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் தேடாதீர்கள். நேராக நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வேலை நிமித்தமாக மூன்று வருடம் மொராக்கோவில் எல் ஜதீதா என்ற கடலோர ஊரில் இருந்தேன். காசாபிளாங்காவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பக்கத்து ஜோர்ஃப் லஸ்ஃபர் துறைமுகத்தில்தான் பாஸ்பாரிக் அமில ஆலைகள் இருக்கின்றன. நம் ஊர் உர ஆலைகளுக்கும் அங்கிருந்து அமிலம் கப்பலேறும். நான் குடியிருந்தது ஒரு ஹஜ்ஜாவின் வீட்டு மாடியில். ஹஜ் போய்வந்த வயதான பெண்களை அங்கே எல்லோரும் ஹஜ்ஜா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னை 'வெல்தி' என்பார், 'என் மகனே' என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ராஸ் எல் ஹானூத் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

'ராஸ்' என்றால் தலை, 'ஹானூத்' என்றால் கடை. தலைவாழை இலை என்று நாம் சொல்வதில்லையா, அந்தத் தலைதான் இது. கடையில் இருப்பதிலேயே நல்ல சரக்கை எல்லாம் கடைக்காரரே சேர்த்துக் கொடுப்பது. அதனால் இதற்கு ஒரே ஒரு சரியான அளவு என்று எதுவும் கிடையாது. ஒரு கடையில் 12 பொருள், அடுத்த கடையில் 25, அதற்கு மேலும் போடுகிறவர்கள் உண்டு. இணையத்தில் 'அசல் ராஸ் எல் ஹானூத்' என்று யாராவது எழுதியிருந்தால் அது அவர் பழகிய கடையின் அசல், அவ்வளவுதான்.

அந்தக் கடைக்காரரை அத்தார் என்பார்கள். நாம் பூசிக்கொள்ளும் அத்தரும் இதே வேரில் வந்த சொல்தான். ஹஜ்ஜாவோடு முதல் தடவை அத்தார் கடைக்குப் போனபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மசாலா ஒரு பக்கம், இருமலுக்கு வேர் ஒரு பக்கம், தலைக்கு மருதாணி, பிள்ளை பெற்றவளுக்குச் சூடு தரும் பொடி. அச்சு அசல் நம் நாட்டு மருந்துக் கடை. ஹஜ்ஜா ஒரு தட்டில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வைக்க வைக்க, எனக்கு ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது. அவர் 'தார் பெல்பெல்' என்றது நம் திப்பிலி. 'கெப்பாபா' என்றது வால்மிளகு. அப்புறம் ஜாதிபத்ரி, சித்தரத்தையின் பெரியப்பா மாதிரி ஒரு வேர், காய்ந்த ரோஜா மொட்டு. சுக்கை 'ஸ்கின்ஜ்பீர்' என்றார். அந்தச் சொல்லை அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் நம் 'இஞ்சிவேர்' வந்து நிற்கும் என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். நானே ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி நின்றேன்.

இங்கே கிடைக்காதவை சில உண்டு. பறவை நாக்கு என்ற பெயரில் விற்கும் ஒரு மரத்தின் விதை, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சொர்க்க மிளகு, ஐரிஸ் கிழங்கு. விட்டுவிடுங்கள், குறை தெரியாது. ஸ்பானிஷ் ஈ எனப்படும் பச்சை வண்டையும் ஒரு காலத்தில் ஆண்மைக்கு என்று சொல்லி இதில் சேர்த்தார்கள். அது கடும் விஷம். 1990களில் மொராக்கோவே விற்பனையைத் தடை செய்துவிட்டது. பழைய குறிப்பு எதிலாவது பார்த்துவிட்டு யாரும் ஆசைப்பட வேண்டாம்.

சரி, அளவு. சுமார் 100 கிராம் பொடி வரும்படி நான் போடுவது இது. சுக்கு 20 கிராம். மிளகு, மல்லி, பட்டை ஒவ்வொன்றும் 10. தோல் நீக்கிய ஏலக்காய் விதை 8. ஜாதிக்காய் ஒன்று, அதே எடைக்கு ஜாதிபத்ரி, அதாவது ஐந்து ஐந்து கிராம். சித்தரத்தை, மஞ்சள்தூள், ரோஜா மொட்டு இவையும் தலா 5. வால்மிளகும் திப்பிலியும் தலா 4. சோம்பு 3. கிராம்பு 2 கிராம், அதற்கு மேல் போகாதீர்கள், மற்ற எல்லா வாசனையையும் அமுக்கிவிடும். அன்னாசிப்பூ ஒன்று. மிளகாய் கிடையாது, ஏனென்றால் இது காரத்துக்கான பொடி இல்லை. மிளகாய் வேண்டுமென்றால் துனீசியாவின் ஹரிஸ்ஸா இருக்கிறது, அது வேறு கதை. சீரகத்தையும் ஹஜ்ஜா சேர்க்க மாட்டார். சீரகப் பொடி சாப்பாட்டு மேசையில் உப்புக்குப் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் இருக்கும், வேண்டுகிறவர்கள் தூவிக்கொள்ளலாம். சீரகம் போடும் கடைகளும் உண்டு.

வாங்கும்போது இரண்டு விஷயம். வெளேரென்று இருக்கும் சுக்கு சுண்ணாம்பு பூசியது, மண் நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ரோஜா, சாப்பிடுவதற்கென்று உலர்த்திய பன்னீர் ரோஜா மொட்டாக இருக்க வேண்டும். மாலைக் கடையில் மிஞ்சிய பூவைக் காயவைத்துப் போடாதீர்கள், அதில் மருந்து அடித்திருப்பார்கள். மொராக்கோவில் தாதெஸ் பள்ளத்தாக்கில் கெலாத் எம்கூனா என்ற ஊர் முழுக்க இந்த ரோஜாதான், மே மாதம் திருவிழாவே நடக்கும்.

இப்போது நான் செய்த தப்பு. ஊருக்குத் திரும்பி முதல் முறை அரைத்தபோது, கை பழக்கம், சாம்பார்ப் பொடிக்கு வறுக்கிற மாதிரி எல்லாவற்றையும் வாணலியில் போட்டு மணம் வரும்வரை வறுத்தேன். ரோஜா முதலில் கருகியது, ஏலக்காய் வாசனை ஜன்னல் வழியாகப் போய்விட்டது. மிஞ்சியதைக் கோழிக் குழம்பில், மிளகாய்த்தூள் போடும் கணக்கில், மூன்று கரண்டி போட்டேன். என் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லா இருக்கு, சளிக்கு ரொம்ப நல்லது" என்றாள். மிச்சத்தை யாரும் தொடவில்லை.

வறுக்கவே வேண்டாம். ஒரு மணி நேரம் இளவெயிலில் காட்டினால் போதும், ஈரம் போக. மழைக்காலமானால் வெறும் வாணலியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அதில் போட்டுப் புரட்டி எடுங்கள். சுக்கையும் சித்தரத்தையையும் அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு கத்தும், முதலில் உரலில் நன்றாக இடித்து நாரை எடுத்துவிடுங்கள். ஜாதிக்காயைத் துருவிக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பசை உள்ளது, மற்றவற்றோடு கலந்து அரைத்தால்தான் ஒட்டாது. விட்டுவிட்டு அரையுங்கள். ஜாரைத் தொட்டால் சூடு தெரிகிறதா, நிறுத்தி ஆறவிடுங்கள். ரோஜா இதழைக் கடைசிச் சுற்றில் போட்டு, மெல்லிய சல்லடையில் சலித்து, மஞ்சள்தூளைக் கலந்துகொள்ளுங்கள். நிறம் சந்தனமும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் நடுவில் இருக்கும். மூக்கில் முதலில் ஏலமும் ரோஜாவும், ஒரு நொடி கழித்து மிளகும் சுக்கும் ஏறினால் சரியாக வந்திருக்கிறது. முதலிலேயே கிராம்பு அடித்தால் இன்னும் கொஞ்சம் மல்லியும் சுக்கும் பொடித்துச் சேருங்கள். வெளிச்சம் படாத இடத்தில் கண்ணாடி பாட்டிலில் வைத்தால் மூன்று மாதம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் கெட்டுப்போகாது, ஆனால் ரோஜா செத்துவிடும்.

எதில் போடுவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மொராக்கோ சமையல் என்றாலே இந்தப் பொடி என்று நினைக்கிறோம். ஹஜ்ஜா வீட்டு அன்றாடத் தஜீனில், அதாவது மண்சட்டியில் மெல்ல வேகவைக்கும் குழம்பில், சுக்கு, மஞ்சள், மிளகு, சீரகம் இவ்வளவுதான். ராஸ் எல் ஹானூத் வெளியே வருவது குளிர்காலத்திலும் விசேஷத்திலும். குழந்தை பிறந்த வீட்டில் ர்ஃபீஸா செய்வார்கள். பிய்த்துப் போட்ட மெல்லிய ரொட்டியின் மேல் கோழி, பருப்பு, வெந்தயம், இந்தப் பொடி. தாய்க்குப் பால் ஊறும் என்பார்கள். பக்ரீத் முடிந்ததும் ம்ரூஸியா, தேனும் உலர் திராட்சையும் சேர்த்த ஆட்டுக்கறி. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான், பொடியின் முழு குணமும் இதில் தெரியும்.

ஒரு கிலோ எலும்போடு ஆட்டுக்கறிக்கு இரண்டு டீஸ்பூன் பொடி, உப்பு, ஒரு சிட்டிகை குங்குமப்பூ, கொஞ்சம் தண்ணீர். பிசறி ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். மறுநாள் துருவிய வெங்காயம் இரண்டும் நெய்யும் சேர்த்து, கறி முங்கத் தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் எலும்பு கழன்று வரும்வரை வேகவிடுங்கள். அவசரமென்றால் குக்கர். அப்புறம் ஊறவைத்த உலர் திராட்சை 150 கிராம், தேன் மூன்று மேசைக்கரண்டி. திறந்து வைத்து, குழம்பு பாகு மாதிரி சுண்டி கறியின் மேல் பளபளவென்று ஒட்டும்வரை விடுங்கள். மேலே நெய்யில் பொரித்த பாதாம். நான் பொடியை இன்னும் கொஞ்சம் அள்ளப் போனால் ஹஜ்ஜா கையைப் பிடித்துக்கொள்வார், "ஷ்வியா, வெல்தி, ஷ்வியா" என்று. கொஞ்சமாக, மகனே, கொஞ்சமாக. கறி சாப்பிடாதவர்கள் பரங்கிக்காயும் கொண்டைக்கடலையும் வைத்து இதே முறையில் செய்யலாம், அரை டீஸ்பூன் பொடி போதும்.

கரம் மசாலாவா? வறுத்து அரைத்த கடைப் பொடி என்றால் வேண்டாம், ம்ரூஸியா பிரியாணிக் குழம்பாகிவிடும். இன்று ராத்திரியே விருந்தாளி வருகிறார், வேறு வழியில்லை என்றால், வறுக்காத பட்டை, ஏலக்காய், மிளகு, ஜாதிபத்ரியோடு நிறைய சுக்கும் சிறிது மஞ்சளும் சேர்த்து அரைத்துச் சமாளிக்கலாம். ரோஜா மொட்டு மட்டும் எப்படியாவது வாங்கிவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் என் பட்டியலைப் படித்துவிட்டுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, "இது என்ன லேகியம் தம்பி, யாருக்கு உடம்புக்கு முடியலை?" என்று கேட்டார். ஆட்டுக்கறிக்கு என்றேன். நம்பவில்லை. தேனில் குழைத்து வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்.