கண்ணாடி கழுவும் வண்டியின் பேட்டரி: கேள்வி பதில்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் குட்டியானையிலும் ஆம்னியிலும் தண்ணீர் டேங்க், 12 வோல்ட் பம்ப், நீளக் கம்பு பிரஷ் வைத்து ஷோரூம் கண்ணாடியும் சோலார் பேனலும் கழுவித் தருகிறவர்கள் கேட்டவை இவை. பம்புக்கென்று வண்டியின் பின்னால் தனியாக வைக்கும் பேட்டரியைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகளும். பாதிக்கு மேல் ஒரே நோய்: பேட்டரி ஒருநாளும் முழுசாக நிரம்புவதில்லை.

ஓசூர்: அண்ணா, 100 ஏஎச் பேட்டரி வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது. முதல்ல நாள் பூரா ஓடுச்சு, இப்ப மத்தியானமே பம்ப் தொய்யுது. தினமும் ராத்திரி 10 ஆம்ப் சார்ஜர்ல மூணு மணி நேரம் போடுறோம். கடைக்காரர் பேட்டரி போச்சுங்கிறார்.

போயிருக்கலாம் தம்பி, ஆனால் போகக் காரணம் அந்த மூன்று மணி நேரம். கணக்குப் பாருங்கள். ஏஎச் என்பது ஆம்பை மணி நேரத்தால் பெருக்கியது. 100 பிஎஸ்ஐ அழுத்தம் தரும் டயஃப்ரம் பம்ப் வேலை நேரத்தில் சராசரியாக 5 ஆம்ப் இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு 30 ஏஎச். எடுத்ததைத் திரும்ப வைக்க 15 சதவீதம் போலக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ஆக 35. உங்கள் சார்ஜர் மூன்று மணி நேரத்தில் அதிகபட்சம் 30 தரும், அதுவும் கடைசிவரை 10 ஆம்ப் போனால். போகாது. 80 சதவீதம் தாண்டியதும் பேட்டரி கரண்டைக் குறைத்துக் குறைத்துத்தான் வாங்கும். அந்தக் கடைசி 20 சதவீதத்துக்கே மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். இப்படி தினமும் கொஞ்சம் பாக்கி நிற்கிறது. அந்தப் பாக்கிதான் பிளேட்டில் ஈய சல்பேட்டாகக் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாமல் உட்கார்ந்துகொள்கிறது.

புதுசு வாங்குமுன் ஒரு சோதனை. 10 முதல் 12 மணி நேரம் விடாமல் சார்ஜ் போடுங்கள். கழற்றி, எதையும் ஓட்டாமல் நான்கு மணி நேரமாவது வைத்துவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். சார்ஜரைக் கழற்றிய உடனே பார்த்தால் 13 காட்டும், அதை நம்பாதீர்கள். பிறகு ஒரு 60 வாட் ஹெட்லைட் பல்பை டெர்மினலில் மாட்டுங்கள். அது 5 ஆம்ப், அதாவது உங்கள் பம்ப் அளவுக்கே இழுக்கும். பத்து மணி நேரம் எரிந்தபின் அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து 12.2 பக்கம் நின்றால் பேட்டரி நல்லது. நாலைந்து மணி நேரத்திலேயே, பல்பு எரியும்போது 11.5-க்குக் கீழே விழுந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றினாலும் சார்ஜ் நேரத்தை மாற்றாவிட்டால் அடுத்த எட்டு மாதத்தில் இதே கேள்வி வரும். பாதிக்குக் கீழே இறக்காமல் ஓட்டுங்கள். இரவு போட்டால் காலையில் மட்டும் எடுங்கள். அதற்கு, நிறைந்ததும் தானாக 13.6 வோல்ட் பக்கம் இறங்கி நிற்கும் ஃப்ளோட் வசதியுள்ள சார்ஜர் வேண்டும்.

கிருஷ்ணகிரி: தர்மபுரிக்கும் ஓசூருக்கும் தினமும் ஓடுறோம். வண்டி பேட்டரியையும் பின் பேட்டரியையும் ஆட்டோமேட்டிக் ரிலே வெச்சு இணைச்சிருக்கோம். பிஎஸ்-6 வண்டி. ஓட்டத்துலயே சார்ஜ் ஏறிடும்னாங்க, ஏறலையே?

இரண்டு இடத்தில் பாருங்கள். முதலாவது டைனமோ. புது வண்டிகள் பலவற்றில் டீசலோ பெட்ரோலோ மிச்சம் பிடிக்க, வண்டி பேட்டரி நிறைந்ததும் கம்ப்யூட்டரே டைனமோவின் வோல்டேஜை இறக்கிவிடும். ரிலே, அதாவது இரண்டு பேட்டரியையும் இணைக்கும் தானியங்கி ஸ்விட்ச், 13.3 வோல்ட்டில் சேர்ந்து 12.8-ல் பிரியும் வகை. வோல்டேஜ் இறங்கினால் பிரிந்துகொள்ளும். 20 நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே பின் பேட்டரி டெர்மினலில் அளங்கள். 14-க்கு மேல் இல்லை என்றால் எத்தனை முறை ஓசூர் போய் வந்தாலும் முழுசாக ஏறாது.

இரண்டாவது ஒயர். 6 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 30 ஆம்ப் போனால் வழியிலேயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போய்விடும். 16 ஸ்கொயரில் 0.33 தான்.

சரியான வழி டிசி-டிசி சார்ஜர். முன்னால் வோல்டேஜ் இறங்கினாலும் பின் பேட்டரிக்கு வேண்டிய 14.4-ஐத் தானே உண்டாக்கித் தரும். 20 ஆம்ப் போதும். டைனமோ எத்தனை ஆம்ப் என்று அதன் லேபிளில் பார்த்து, அதில் பாதிக்கு மேல் கேட்காதீர்கள். சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும்படி இக்னிஷன் ஒயரையும் கொடுங்கள். ஒயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஃப்யூஸும் இரண்டு முனையிலும் வேண்டும், டெர்மினலுக்கு ஒரு சாண் தூரத்துக்குள். நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் வண்டியே எரியும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இவ்வளவு செய்தாலும் வாரம் இரண்டு இரவாவது வீட்டு சார்ஜரில் போட்டு முழுசாக நிரப்புங்கள்.

பாலக்கோடு: வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்த 150 ஏஎச் டியூப்லர் சும்மா கிடக்கு. அதை வண்டியில வைக்கலாமா?

தினமும் பாதிவரை இறங்கி ஏறுவதைத் தாங்குவதில் டியூப்லரை அடிக்க முடியாது. ஆனால் 50 கிலோவுக்கு மேல் கனம், உயரம் அதிகம், தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் சாய்ந்தால் ஆசிட் சிந்தும். ட்ரே வைத்து, இரும்புப் பட்டையால் தளத்தோடு போல்ட் போட்டு, நிமிர்ந்தே நிற்கும்படி கட்டுங்கள். திறந்த தொட்டி வண்டியில் சரி. ஆம்னி உள்ளே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், மூடிய வண்டியில் தேங்கினால் ஒரு பொறி போதும். சார்ஜர் 15 ஆம்ப் வேண்டும். நிறைந்தபின், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் எல்லா செல்லும் 1.240 பக்கம் காட்ட வேண்டும். ஒரு செல் மட்டும் 0.030 குறைந்து நின்றால் அந்த பேட்டரிக்காக வண்டியில் வேலை செய்யாதீர்கள்.

பென்னாகரம்: ரெசின் ஃபில்டர் தண்ணி டிடிஎஸ் மீட்டர்ல 0 காட்டுது. பேட்டரிக்கும் அதையே ஊத்தலாமா? இல்ல ஆர்ஓ தண்ணி?

ஆர்ஓ கூடாது. வீட்டு ஆர்ஓவில் உப்பு மிச்சம் இருக்கும். நம் பக்கத்து போர் தண்ணீரோ ஃப்ளோரைடும் கடினமும் சேர்ந்தது. தண்ணீரின் உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் புதுசாக இருந்தால், அதிலிருந்து வரும் 0 பிபிஎம் தண்ணீர் அவசரத்துக்கு ஊற்றலாம். ரெசின் தீர்ந்துபோகும் சமயத்தில், மீட்டர் ஏறுமுன்பே சிலிக்கா நழுவி வரும். அதை அந்த மீட்டர் காட்டாது. டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்றும் விலை இல்லை, அதையே வாங்குங்கள். முழு சார்ஜ் ஆனபின் ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் சார்ஜில் பொங்கி வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், மூடும் அளவுக்கு முன்னால் கொஞ்சம். ஆசிட் ஒருபோதும் ஊற்றாதீர்கள், ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான்.

ஊத்தங்கரை: சித்திரை வெயில்ல சார்ஜ் போட்டா பேட்டரி கொதிக்குது.

14.4 வோல்ட் என்பது 25 டிகிரிக்கு. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் 0.024 குறைக்க வேண்டும். 40 டிகிரியில் 14.05 போதும். டெம்பரேச்சர் சென்சார் உள்ள சார்ஜர் இதைத் தானே செய்யும். இல்லாவிட்டால் வந்ததும் போடாமல், ஆறவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் போடுங்கள்.

காரிமங்கலம்: மருந்தடிக்கிற 12 வோல்ட் 8 ஏஎச் பேட்டரி டேங்க்கை முதுகுல மாட்டி மாடி கண்ணாடி கழுவுறோம். ஒரு வருஷம்கூட வரலை.

வேலை முடிந்ததும் அப்படியே மூலையில் போட்டால் வராதுதான். காலியாக ஓர் இரவுகூட வைக்காதீர்கள். கூட வரும் சிறிய சார்ஜரில் ஆறு மணி நேரம் போல ஆகும். விளக்கு மாறியதும் எடுங்கள். இரண்டு நாள் செருகியே விட்டால் சீல் செய்த பேட்டரி வற்றும், வயிறு உப்பும்.

தேன்கனிக்கோட்டை: லித்தியம் பாஸ்பேட் மாத்திட்டோம். 13.2 காட்டிக்கிட்டே இருந்து சட்டுனு நின்னுடுச்சு. பழைய சார்ஜர்தான் போடுறோம்.

லித்தியத்தில் வோல்டேஜ் பார்த்து மிச்சம் சொல்ல முடியாது, பாதியிலும் 13.2 தான், முக்காலிலும் ஏறக்குறைய அதுதான். கரண்டை அளக்கும் ஷன்ட் வைத்த, ஏஎச் எண்ணும் மீட்டர் மாட்டுங்கள். சட்டென்று நிறுத்தியது உள்ளே இருக்கும் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு. பழைய சார்ஜரில் செல்களைச் சமப்படுத்தும் ஈக்வலைஸ் வசதி இருந்தால் 15 வோல்ட்டுக்கு மேல் போகும், அது ஆகாது; லித்தியத்துக்கென்று உள்ளதே வேண்டும். பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது. தளி பக்கத்து மார்கழிக் குளிர் அவ்வளவு இறங்காது, கவலை வேண்டாம்.

அரூர்: பேட்டரி 12.7 இருக்கு. ஆனா பம்ப் விட்டு விட்டு ஓடுது.

பம்ப் ஓடும்போது டெர்மினல் ஈயக் கம்பத்தில் மல்டிமீட்டரின் ஒரு முனை, அதில் மாட்டிய ஒயரின் லக்கில் மறுமுனை வைத்து அளங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே உப்புப் பூத்திருக்கிறது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, சுரண்டி, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். அங்கே சரியாக இருந்தால் பிரஷ் ஜெட்டில் அடைப்பு. அழுத்தம் ஏறி ஸ்விட்ச் வெட்டுகிறது.

பர்கூர்: ஐப்பசி மழையில மாசக்கணக்கா வேலை இல்லை. பேட்டரியை எப்படி வைக்கிறது?

முழு சார்ஜ் போட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பம்ப் கன்ட்ரோலர் சும்மா இருந்தாலும் கொஞ்சம் குடிக்கும். மாதம் ஒருமுறை மீட்டரில் பார்த்து 12.5-க்கு வந்திருந்தால் மறுபடி நிரப்புங்கள். லித்தியம் மட்டும் பாதி சார்ஜில், வெயில் படாத அறையில்.