முதல் பறவை: கூண்டை முன்னால் வாங்குங்கள்

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பில், பறவை வளர்க்க விரும்புகிறவர்களிடம் கேள்விகளை எழுதித் தரச் சொன்னோம். முப்பது ஆண்டுகளாகப் பறவை வளர்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கத்ர் போர்னிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு ஏழு வயது. முதலில் எந்தப் பறவை வாங்கலாம்?

பட்ஜி வாங்குங்கள், அம்மா. தமிழ்நாட்டில் 'லவ் பேர்ட்ஸ்' என்றும் இங்கே 'பெருஷ்' என்றும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அலகு தடித்தது, கடித்தால் பிள்ளையின் விரலில் ரத்தம் வரும். பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை, கூட்டமாக வாழ்ந்து பழகியது. ஆகவே இரண்டாக வாங்குங்கள். இரண்டும் ஆணாக இருந்தால் முட்டை, குஞ்சு என்ற கவலை இல்லை.

கடையில் அலகுக்கு மேலே உள்ள மெழுகு போன்ற தோலைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சாக இருந்தால் நெற்றிக் கோடுகள் அந்தத் தோல் வரைக்கும் இறங்கியிருக்கும். கண் வெள்ளை வளையமில்லாமல் முழுக் கறுப்பாக இருக்கும். வாலடி சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே எச்சம் ஒட்டியிருந்தால் இரக்கப்பட்டு வாங்காதீர்கள்.

பூ பாசேனிலிருந்து: உருண்டைக் கூண்டு அழகாக இருக்கிறதே, போதுமா?

போதாது. பறவை மேலும் கீழுமாகப் பறப்பதில்லை, குறுக்கே பறக்கிறது. உயரத்தை விட நீளம் முக்கியம். இரண்டு பட்ஜிகளுக்குக் குறைந்தது 75 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். கம்பி இடைவெளி 1.2 சென்டிமீட்டரைத் தாண்டினால் தலை மாட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய புதுக் கம்பியை வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்த பிறகுதான் பறவையை உள்ளே விட வேண்டும். அந்தத் துகளைக் கொறித்தால் விஷம்.

கூண்டோடு வரும் வழவழப்பான குச்சிகளை எடுத்துவிடுங்கள். ஒரே தடிமனில் நாள் முழுதும் நின்றால் பாதம் புண்ணாகிவிடும். நான் சீனக் கொய்யாக் கிளைகளைத்தான் வைக்கிறேன். நம் மலைக்காடுகளை அடைத்து நாசம் செய்யும் செடி அது. வேலியோரத்தில் எவ்வளவு வெட்டினாலும் பாவமில்லை. விரல் தடிமனில் ஒன்று, அதைவிட மெல்லியதாக ஒன்று, வளைந்ததாக ஒன்று. பட்டையை உரிக்காமல் கழுவி மாட்டினால் இரண்டே நாளில் பறவைகளே உரித்துத் தள்ளிவிடும். அந்த வேலைதான் அவற்றுக்குச் சந்தோஷம்.

வாக்வாவிலிருந்து: பேசக்கூடிய பறவை எது?

ஆண் பட்ஜி சில சொற்கள் பேசலாம். பேசாமலும் போகலாம்.

போர்ட் லூயியிலிருந்து: சமையலறையில் வைத்தால் நாள் முழுதும் துணையாக இருக்குமே?

வேண்டவே வேண்டாம். ஒட்டாத பூச்சுள்ள தவா அதிகம் காய்ந்தால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் அப்படித்தான், மெதுவாக நுரையீரலைக் கெடுக்கும். பூசை அறையிலிருந்து தள்ளி, ஒரு பக்கம் சுவர் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

ஃபிளாக்கிலிருந்து: தினை மட்டும் கொடுத்தால் போதுமா?

போதாது. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய காரட், கணவாய் மீன் ஓடு ஒன்று. அவகாடோ கூடவே கூடாது.

கூர்பீப்பிலிருந்து: எந்தப் பறவை நன்றாகப் பேசும்?

மேலே சொல்லியிருக்கிறேன்.

திரியோலேயிலிருந்து ஒரு தம்பி: பச்சைக்கிளி வாங்கி வளர்த்து, தைப்பூசத்தன்று பறக்கவிடுவதாக நேர்ந்திருக்கிறோம். நல்லதுதானே?

நல்லதல்ல, தம்பி. இந்தத் தீவுக்கென்றே ஒரு கிளி இருக்கிறது, எக்கோ கிளி. வேறெங்கும் கிடையாது. 1980களில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்தன. உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவருடைய குழுவினரும் மரத்துக்கு மரம் ஏறி, கூடுகளைக் காத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்துச் சில நூறாக்கினார்கள். நீங்கள் விடப்போகும் பச்சைக்கிளி 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்தது. அது எக்கோவின் மரப்பொந்துகளைப் பிடித்துக்கொள்கிறது. இறகை உதிர்த்து அலகைச் சிதைக்கும் வைரஸையும் சுமக்கிறது. 2005 வாக்கில் அந்த நோய் எக்கோ கிளிகளிடையே பரவியது.

அவருடைய தாத்தா: மீனாட்சி கையில் இருக்கும் கிளியைக் கூண்டில் அடைப்பது பாவமில்லையா?

ஐயா, அடைப்பது பாவம் என்று நீங்கள் நினைத்தால் வாங்காதீர்கள்; அது நேர்மையான முடிவு. வாங்கிய பிறகு விடுவது இன்னொரு கிளியைக் கொல்லும் வழி. கூண்டில் பிறந்த பட்ஜியை விட்டால் அடுத்த நாளே பூனைக்கோ கீரிக்கோ இரை. வேண்டுதலை அந்த எக்கோ கிளிக்காகச் செய்யுங்கள். பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக்குப் போய் மரத்தடியில் காத்திருங்கள். பெண் எக்கோவின் மேலலகு கறுப்பாக இருக்கும், வாலும் பச்சைக்கிளியின் வாலை விடக் குட்டை. பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுங்கள்.

இன்னொருவர்: வெளியே பச்சைக்கிளிகள் ஏராளம். ஒன்று கூடினால் என்ன?

நோயைக் கொண்டுபோக ஒன்று போதும். ஏராளம் இருக்கின்றன என்பதுதான் பிரச்சினையே. இனி இதைப் பற்றிக் கேட்காதீர்கள், என் பதில் மாறாது.

கூட்லண்ட்ஸிலிருந்து: மொட்டை மாடியில் பெரிய கூண்டு கட்டலாமா?

கட்டலாம், ஆனால் உள்ளே தூக்கிவரச் சின்னக் கூண்டு ஒன்றும் வேண்டும். இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்ததுமே பறவைகளை மாற்றிவிடுங்கள். மூன்றாம் நிலையில் காற்று வந்துவிட்டால் கையில் பிடிக்க முடியாது. தரையிலும் வைக்காதீர்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் கார்களே மிதந்தன.

மறுபடி வாக்வாவிலிருந்து: பேச வைக்க என்ன மருந்து கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்காதீர்கள். பேச்சு மருந்தில் வருவதில்லை.

எட்டு வயதுச் சிறுமி: என் பட்ஜி நேற்றிலிருந்து பந்து மாதிரி உப்பிக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறது. தூங்குகிறதா?

இல்லை, கண்ணே. பறவை நோயை முடிந்தவரை மறைக்கும். கீழே உட்கார்ந்துவிட்டால் இனி மறைக்க முடியவில்லை என்று அர்த்தம். கூண்டின் பாதியைத் துணியால் மூடி, காற்று படாத கதகதப்பான இடத்தில் வை. தண்ணீரையும் தினையையும் அதன் அலகுக்கு எட்டும்படி கீழேயே வை. அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டு. நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.