பள்ளிச் சுற்றுலாவும் ஆடையில்லாத சிலைகளும்

நான்காம் வகுப்பு மகளை லண்டன் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) மியூசியத்துக்கு அழைத்துப் போகிறார்கள், அங்கே துணியில்லாத சிலைகள் இருக்கின்றனவாமே, அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முந்தைய ஞாயிறு நீங்களே ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. நுழைவு இலவசம்தான்.

உங்களுக்கு நெருடப்போவது, புகழ்பெற்ற சிலைகளின் அச்சுப் பிரதிகளை வைத்திருக்கும் காஸ்ட் கோர்ட்ஸ் கூடத்தில் நிற்கும் மைக்கலாஞ்சலோவின் டேவிட், அதாவது பைபிளில் வரும் தாவீதின் சிலை. அது பிளாஸ்டர் பிரதி. மூலம் ஃபிளாரன்ஸில் இருக்கிறது. உயரம் சுமார் 17 அடி, பீடம் தனி. காலடியில் போய் நிற்காமல் நன்றாகத் தள்ளி நில்லுங்கள். தலையும் வலது கையும் உடம்புக்குப் பெரிதாகத் தெரியும். தேவாலயத்தின் மேல் உயரத்தில் நிறுத்தத்தான் முதலில் அதைச் செய்யச் சொன்னார்கள், கீழிருந்து பார்ப்பவர்களுக்காக அப்படிச் செய்திருக்கலாம். தோளில் கிடக்கும் கவணைக் காட்டி, யாரை அடிக்கப் போகிறான் என்று மகளிடம் கேளுங்கள். பேச்சு, அவன் கவண்கல்லால் வீழ்த்திய கோலியாத் என்ற ராட்சதன் பக்கம் போய்விடும். பெரியவர்கள் நெளிந்தால்தான் பிள்ளையும் நெளியும்.

சிலைக்குப் பின்புறம், அதன் இடுப்பை மறைக்கச் செய்த ஒரு பிளாஸ்டர் அத்தி இலை வைத்திருக்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். 1857-இல் இந்தப் பிரதி விக்டோரியா மகாராணிக்குப் பரிசாக வந்தது. அரச குடும்பத்துப் பெண்கள் வரும் நாளில் இலையை இரண்டு கொக்கிகளில் மாட்டிவிடுவார்கள்; மற்றவர்களுக்கு அந்த மறைப்பு தேவைப்படவில்லை! 1903-இல் ஒருவர் நிர்வாணச் சிலைகளைப் பற்றிப் புகார் எழுதினார். இளம்பெண்களுக்கு வரையக் கற்றுத்தரும் ஆசிரியைகளே இங்கு வந்து போகிறார்கள், ஒருவரும் குறை சொன்னதில்லை என்று மியூசிய இயக்குநர் பதில் அனுப்பினார்.

நேரமிருந்தால் பிரிட்டிஷ் மியூசியத்தில் இலங்கைத் தாரா என்ற பௌத்தப் பெண்தெய்வச் சிலையையும் பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டு, பொன்முலாம் பூசிய வெண்கலம், 143 செ.மீ., மேலுடம்பில் ஆடையில்லை. அம்மனைப் பட்டும் மாலையுமாகவே கும்பிட்டுப் பழகிய நமக்கு, ஒரு செப்புத்திருமேனி விளக்கொளியில் வெறுமனே நிற்கும்போதுதான் கூச்சம் வருகிறது. கோயிலில் அலங்காரத்துக்கு உள்ளே இருப்பதும் அதே மாதிரி வடிவம்தானே.

சிக்கல் பெரும்பாலும் போனில்தான். இடுப்புப் பகுதியை மட்டும் வெட்டி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உயரம், பீடம், விளக்கப்பலகை எல்லாம் போய் வெறும் அம்மணம் மிஞ்சும். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி முழுச்சிலையையும் எடுங்கள், ஃபிளாஷ் இல்லாமல்.

இங்கிலாந்தில் பாலியல் கல்வியிலிருந்து பிள்ளையை விலக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம். ஓவியப் பாடம் அதில் சேராது. எந்தெந்தக் கூடங்களுக்குப் போகிறார்கள் என்று வகுப்பாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாலே போதும், சொல்லிவிடுவார்கள். வரைய பென்சில் மட்டும் கொடுத்தனுப்புங்கள், பேனா வேண்டாம்.