கிராணியார் பதில்கள்: அந்தப் பதினாறு வெள்ளி

கேள்வி: தோட்ட முச்சந்தியில் காலையில் நாசி லெமாக் விற்கிறேன். மிச்சம் பிடித்த 6,000 வெள்ளியை வங்கியில் போடப் போனேன். ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி. மூன்று வருடத்துக்கு 540 வெள்ளி கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி 556 என்கிறார். யார் கணக்கு சரி?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ரெண்டும் சரிதான் அம்மா. நீங்கள் போட்டது தனி வட்டி, அவர் போட்டது கூட்டு வட்டி. யார் யார் எவ்வளவு பாக்கி என்று எழுதி வைப்பீர்களே, அந்தக் கடன் நோட்டை எடுத்துப் பின்பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

முதல் வருடம் வட்டி 180. கையிருப்பு 6,180. இரண்டாம் வருடம் வங்கி 6,000ஐப் பார்க்காது, 6,180க்கு வட்டி போடும். அது 185 வெள்ளி 40 சென். அந்த 5 வெள்ளி 40 சென்தான் வட்டி போட்ட குட்டி. மூன்றாம் வருடம் 6,365.40க்கு 190 வெள்ளி 96 சென். ஆக மொத்தம் 6,556.36. உங்கள் கணக்கைவிட 16 வெள்ளி 36 சென் அதிகம். வட்டியை மாதாமாதம் சேர்த்தால் 6,564 ஆகியிருக்கும். சூத்திரமெல்லாம் வேண்டாம். கைப்பேசியில் 6,000ஐ 1.03ஆல் பெருக்குங்கள். எத்தனை வருடமோ அத்தனை தடவை. அவ்வளவுதான்.

ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: தவணை முடிந்ததும் வட்டி எங்கே போகும்?

இதைக் கேட்காமல் விட்டவன் நான். தோட்ட ஆபீசில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு எழுதிய காலத்தில் 10,000 வெள்ளியை ஓராண்டு வைப்பாகப் போட்டேன். அதுவும் 3 விழுக்காடுதான். வட்டியைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்லும் கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன் போலிருக்கிறது. ஆண்டுதோறும் 300 வெள்ளி அங்கே விழும். தீபாவளிக்கு ஆட்டிறைச்சியாகவும் சின்னவளுக்குப் பாவாடையாகவும் கரைந்துவிடும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் 10,000 அப்படியே உட்கார்ந்திருக்கிறது! அசலோடு சேரவிட்டிருந்தால் 13,439. தின்று தீர்த்த 3,000 போக, கோட்டை விட்டது 439 வெள்ளி. ஊராருக்கெல்லாம் சம்பளக் கணக்கு எழுதியவன் சொந்தப் பாரத்தைப் படிக்கவில்லை. ஆட்டிறைச்சி நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவரிடம் 1,000 வெள்ளி கடன் வாங்கினேன். மாதம் 10 விழுக்காடு. கட்டாத மாதத்து வட்டி முதலோடு சேர்ந்துவிடும் என்கிறார். மாதம் நூறு வெள்ளிதானே, சமாளிக்கலாமா?
- வாசகர், பீடோர்

பதில்: மேலே பெருக்கிய அதே பெருக்கல்தான் தம்பி, இந்தத் தடவை உங்கள் முதுகில் ஏறுகிறது. 1,000ஐ 1.1ஆல் பன்னிரண்டு தடவை பெருக்குங்கள். ஒரு சென்கூடக் கட்டாமல் விட்டால் ஒரே வருடத்தில் 3,138 வெள்ளி. நூறு வெள்ளி என்பது முதல் மாதத்தோடு சரி.

உரிமம் உள்ள வட்டிக் கடைக்காரரே வட்டிக்கு வட்டி போடக் கூடாது. 1951ஆம் ஆண்டு வட்டிக் கடைச் சட்டம் அதைத் தடுக்கிறது. அடமானம் இருந்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு, இல்லாவிட்டால் 18, அதுதான் உச்சம். உங்கள் 'தெரிந்தவர்' மாதத்துக்கே 10 கேட்கிறார். உண்டியலில் இருப்பதை எடுத்தாவது முதலில் இதை முடியுங்கள். 3 விழுக்காட்டுக்குச் சேமித்துக்கொண்டே இந்தக் கடனை வளர்ப்பது ஓட்டை வாளியில் பால் சேகரிக்கிற மாதிரி.

கேள்வி: எனக்கு 43 வயது. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்துக்கும் கூட்டு வட்டி உண்டா?
- வாசகர், தாப்பா

பதில்: அங்கே அதற்கு லாப ஈவு என்று பெயர். ஆண்டுதோறும் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதால், அடுத்த வருடம் அதற்கும் ஈவு உண்டு. 2024க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். எல்லா வருடமும் அப்படி வராது. 6 என்றே வைத்துக்கொள்வோம். பணம் இரட்டிப்பாக எவ்வளவு காலம் ஆகும் என்று பார்க்க 72ஐ விகிதத்தால் வகுங்கள்: ஏறக்குறைய 12 வருடம். அதாவது இன்று உள்ளே இருப்பது உங்கள் 55 வயதில் இரண்டு மடங்கு. இனிமேல் கட்டப்போவது தனி. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற ஃபிளெக்சிபல் கணக்கில் இருப்பதை எடுத்துப் புது டிவி வாங்குகிற யோசனை இருந்தால், அதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.