மழையே இல்லன்னாலும் காட்டுக்குள்ள தண்ணி ஏறும்: காங்கரீ ரிவர் டிரெயிலுக்கு அப்பாவோட போகலாமா?

சார்லட்ல இருக்கற ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "ஊர்ல இருந்து அப்பா வந்திருக்கார், 66 வயசு, தினமும் வாக்கிங் போறவர். டிசம்பர் லீவுல சவுத் கரோலினா காங்கரீ நேஷனல் பார்க்ல ரிவர் டிரெயில் முழுசா நடக்கலாம்னு பிளான். அந்த வாரம் மழையே இல்லன்னு ஃபோர்காஸ்ட் காட்டுது, கிளம்பிடலாமா?"

ஃபோர்காஸ்ட்ட மட்டும் நம்பி கிளம்பாதீங்க சார். உங்க சார்லட்டுக்கு மேற்கால ஓடுற பிராட் ரிவரும், கிரீன்வில் பக்கத்துல இருந்து வர்ற சலூடா ஆறும் சவுத் கரோலினா தலைநகர் கொலம்பியாவுல சேர்ந்துதான் காங்கரீ ஆறு ஆகுது, அதனால அங்க மேல எங்கயோ ரெண்டு மூணு நாள் முன்னாடி கொட்டுன மழை, நீங்க போற அன்னிக்கு நல்ல வெயில் அடிக்கும்போது காட்டுக்குள்ள வந்து நிக்கும். வருஷத்துக்கு சராசரியா 10 தடவை இந்தக் காட்டுல வெள்ளம் ஏறும், அதுவும் குளிர்காலத்துலதான் ஜாஸ்தி. இந்த வெள்ளத்த குறையா நினைக்காதீங்க, வண்டல கொண்டாந்து கொட்டி, 160 அடிக்கு மேல பைன் மரத்த வளர்த்து விட்டதும் அதுதான், நூறு வருஷம் முன்னாடி மரம் வெட்ட வந்தவங்கள சேறும் சகதியுமா திணற வெச்சு திருப்பி அனுப்புனதுல பெரும் பங்கும் அதுக்குதான். தென்கிழக்கு அமெரிக்காவுல இந்த மாதிரி ஆத்தோரக் காடு வெட்டாம இவ்ளோ பெருசா வேற எங்கயும் மிஞ்சல.

அதனால முந்தின நாள் ராத்திரியும், கிளம்புற காலைலயும் பார்க் வெப்சைட்ல, அந்தக் காட்டுக்குள்ள ஓடுற சீடர் கிரீக் ஓடையோட வாட்டர் லெவல் பாருங்க. நம்பர விட, ஏறுதா இறங்குதான்னு பாக்கறதுதான் முக்கியம். ஏறிட்டு இருந்தா ரிவர் டிரெயில அன்னிக்கு மறந்துடுங்க. இறங்கிட்டு இருந்தாலும் விசிட்டர் சென்டர்ல ரேஞ்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் போகணும், ஏன்னா பள்ளத்துல தேங்குன தண்ணி வடிய நாளாகும்.

நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. ஆத்தங்கரைல வெள்ளம் மணலையும் வண்டலையும் போட்டுப் போட்டு மேடாக்கி வெச்சிருக்கும், நடுக்காடுதான் தாழ்வு. நீங்க கரைல காஞ்ச தரைல உக்காந்து சாப்ட்டுட்டு இருப்பீங்க, பின்னாடி நீங்க தாண்டி வந்த ஓடைல தண்ணி ஏறிட்டு இருக்கும். போகும்போதே ஓடைகிட்ட தண்ணி விளிம்புல ஒரு குச்சிய நட்டுட்டு கொஞ்சம் நின்னு பாருங்க, தண்ணி குச்சிய தாண்டி வந்துச்சுன்னா அங்கயே திரும்பிடுங்க. மிதக்கற இலை நகருதான்னும் பாருங்க, ஓடுற தண்ணில அப்பாவ இறக்கவே கூடாது. தேங்குன தண்ணியும் கலங்கலாத்தான் இருக்கும், அடியில சைப்ரஸ் மரத்தோட வேர்முட்டு முழங்கால் உயரத்துக்கு நீட்டிட்டு இருக்கறது கண்ணுக்கே தெரியாது. மரத்துல சேறு படிஞ்ச கோடு இருக்கும், நம்ம இடுப்புக்கு மேல கூட, போன வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சுன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

கொசு டிசம்பர்ல பெரிய தொல்லை இல்ல. பாம்பும் கம்மிதான், ஆனா இதமா வெயில் அடிச்சா காட்டன்மவுத்ங்கற விஷப்பாம்பு வெளிய வந்து காயும், கட்டைய தாண்டும்போது அந்தப் பக்கம் பாத்துட்டு கால வைங்க.

அப்பா விஷயம். போயிட்டு வர 11 மைல், கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். ஏத்தம் இறக்கம் இல்லன்னாலும் வழுக்குற களிமண்ணுல ஒவ்வொரு அடியும் பாத்து வைக்கணும், பார்க்ல வாக்கிங் போற பழக்கம் அதுக்குப் பத்தாது. முதல் நாள் போர்டுவாக்கும் (பலகை போட்ட நடைபாதை) வெஸ்டன் லேக் லூப்பும் கூட்டிட்டுப் போங்க, அந்த லூப் நாலரை மைல்தான், பெரிய மரமெல்லாம் அதுலயே பாத்துடலாம். அலுப்பில்லாம முடிச்சார்னா, தண்ணியும் இறங்கியிருந்தா, இன்னொரு நாள் ரிவர் டிரெயில் போங்க.

அன்னிக்கு காலைல எட்டு மணிக்கெல்லாம் நடக்க ஆரம்பிச்சிருக்கணும், டிசம்பர்ல அஞ்சே காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிடும், மரத்தடில அதுக்கு முன்னாடியே இருட்டு. பன்னெண்டரைக்குள்ள ஆத்தங்கரை வரலன்னா திரும்புங்க. வழியில குடிதண்ணி கிடையாது, ஆளுக்கு ரெண்டு லிட்டராவது விசிட்டர் சென்டர்லயே பிடிச்சுக்கங்க. அப்பா கைல ஒரு டிரெக்கிங் கம்பு, கார்ல காஞ்ச சாக்ஸும் செருப்பும் இருக்கட்டும்.